செல்லக்கிளியின் உபயம்

நம் கோயில்களில் டியூப்லைட் உபயம் செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விளக்கு எரிகிறதோ இல்லையோ, பெயர் தெரிய வேண்டும். இனிஷியல், படிப்பு, கடைப் பெயர், பேரன் பேத்தி பெயர் வரைக்கும் கறுப்பு எழுத்தில் ஒட்டிவிடுவார்கள். மிஞ்சிய இடுக்கில் கசிகிற வெளிச்சத்தில் சாமி அரை இருட்டில் உட்கார்ந்திருக்கும். அலங்காநல்லூருக்கு வடக்கே, சிறுமலையைப் பார்த்தபடி நிற்கும் சோணைக்கரடு என்ற பாறைக்குன்றின் உச்சியில் மூன்று வருடத்துக்கு மேல் எரிந்த விளக்கிலும் பெயர் இருந்தது. ‘அருண்பாண்டி நினைவாக. உபயம்: தாயார் செல்லக்கிளி.’ அவ்வளவுதான். அதைக் கேலி செய்ய அந்த ஊரில் யாருக்கும் வாய் வரவில்லை.

செல்லக்கிளிக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. பிறந்ததும் வாக்கப்பட்டதும் கரட்டடியிலேயே. தகப்பன் காலம் வரைக்கும் அந்தக் குடும்பத்துக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, களையெடுத்து, கதிரறுத்துப் பிழைத்தவர்கள். அவள் தலையெடுத்தபோது நூறு நாள் வேலை வந்தது, காலனி வீடு வந்தது, கொஞ்சம் நிமிர்ந்து நடக்க முடிந்தது. புருசன் கருப்பு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவன், போனவன்தான். அங்கே அவனுக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று தெரிந்த அன்று ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். மறுநாள் காலையில் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வெங்காயம் நடப் போய்விட்டாள். மிஞ்சியது மகன் அருண்பாண்டி ஒருவன்.

சிறு வயதில் அவள் ஆடு மேய்த்தது சோணைக்கரட்டில். உச்சியில் ஒரு பாறைக்குகைக்குள் சோணைச்சாமி இருந்தார். ஒரு கல், இரண்டு வேல், அவ்வளவுதான் கோயில். குகைக்குப் பின்னால் கோடையிலும் ஈரம் காயாத ஒரு சுனை. சுனையைச் சுற்றி ஆளுயரப் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். அந்தப் பாறைகளின் நிழற்பக்கத்தில் பொடிப்பல்லிகள் இருந்தன.

பொடிப்பல்லி சுண்டுவிரல் நீளம் வராது. கல்லின் நிறம். ஆணுக்கு மட்டும் தொண்டையில் மஞ்சள் அப்பியது போல இருக்கும். பகலில் நடமாடும், பொழுது சாய்ந்தால் பாறையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் தூங்கும். வீட்டுப் பல்லிக்குக் கண்ணில் பூனைக்கு இருப்பது போல ஒரு கோடு உண்டு. இதற்குக் கண்மணி மனிதருக்குப் போல வட்டம். சத்தமே போடாது. கண்ணெதிரே பாறையில் பத்து இருந்தாலும் பழகாத கண்ணுக்கு ஒன்றுகூடத் தெரியாது, ஊரில் பாதிப்பேர் அதைப் பார்த்ததே கிடையாது. செல்லக்கிளி ஆடுகள் அசைபோடும் நேரமெல்லாம் அந்த நிழலில் படுத்துக் கிடந்தவள். அவளுக்கு அது கண்ணில் ஊறிப்போன உருவம்.

கொரோனாவுக்கு முந்தின வருடம் பவதாரிணி வந்தாள். செல்லூரில் விசைத்தறி ஓட்டுகிறவரின் மகள். மதுரையில் ஒரு கல்லூரியில் பல்லி, ஓணான்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். இந்தப் படிப்புக்கு யார் மாப்பிள்ளை தருவார்கள் என்று அவள் வீட்டில் கவலை. ஸ்கூட்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு மூன்று நாள் கரடு முழுக்கச் சுற்றினாள். ஒன்றும் அகப்படவில்லை. நாலாம் நாள், விறகு பொறுக்க வந்த செல்லக்கிளி என்ன தேடுகிறாய் என்று கேட்டாள். சொன்னதும், நின்ற இடத்திலிருந்தே விரலை நீட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினான்கைக் காட்டினாள். பவதாரிணி பாறையில் உட்கார்ந்து சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து செல்லக்கிளிதான் அவளுக்குக் கண்.

அந்தப் பல்லி புதிய இனம் என்று ஒரு வருடம் கழித்துத் தெரிந்தது. அழகர்மலையில் தேடினார்கள், நாகமலையில் தேடினார்கள், சிறுமலை உச்சி வரை போய்ப் பார்த்தார்கள். எங்கும் இல்லை. இந்தப் பூமியில் அது இருந்த ஒரே இடம் அந்தச் சுனையைச் சுற்றிய அறுபது பாறைகள். பவதாரிணி பாறைகளுக்கு மஞ்சள் பெயிண்டில் எண் போட்டாள். தையிலும் ஆடியிலும் இருவரும் காலை ஏழு மணிக்கு ஏறி ஒவ்வொரு பாறையாகப் பார்த்து எண்ணுவார்கள். முதல் தடவை இருநூற்றுப் பதினான்கு. செல்லக்கிளி சொல்லச் சொல்லப் பவதாரிணி நோட்டில் கோடு போட்டாள். தான் சொல்வதை ஒரு படித்த பெண் எழுதிக்கொள்கிறாள் என்பது செல்லக்கிளிக்கு எத்தனையோ நாள் தூக்கம் வரும்வரை நினைத்து நினைத்து ருசித்த விஷயம்.

அருண்பாண்டி ஐ.டி.ஐ. முடித்து ஒத்தக்கடையில் ஒரு செல்போன் கடையில் ரிப்பேர் வேலை பார்த்தான். அதிகம் பேசமாட்டான். ஆனால் சாயங்காலம் வண்டியை நிறுத்தும்போதே வாசலில் இருந்து, “எம்மா, வந்துட்டேன்” என்று ஒரு குரல் கொடுப்பான். அந்த ஒரு குரலுக்காக அவள் உலையை முன்னால் வைக்காமல் காத்திருப்பாள். கொரோனா இரண்டாவது அலை ஓய்ந்த ஆவணியில், வேலை முடிந்து வந்தவன்மேல் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி ஏறியது. இருபத்திரண்டு வயது. லாரி நிற்கவில்லை. நின்றிருந்தாலும் என்ன ஆகியிருக்கப் போகிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேச மனிதருக்கு எப்படித்தான் நாக்கு வருகிறதோ.

அடுத்த சில மாதத்தில் ரேஷன் கார்டில் அவன் பெயரை நீக்கினார்கள். வாக்காளர் பட்டியலில் நீக்கினார்கள். போன் கம்பெனிக்காரர்கள் அவன் நம்பரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள் போல. ஒருநாள் அவள் அடித்தபோது யாரோ ஒருவன் ராங் நம்பர் என்றான். மகனின் பெயர் எங்குமே இல்லாமல் போகிறதே என்ற பயம் அவளைப் பிடித்தது. சாவைவிட அது பெரிய பயமாக இருந்தது அவளுக்கு.

வருடம் திரும்பியதும் ஊர்க்கோயிலுக்கு அவன் பெயரில் ஒரு டியூப்லைட் தருகிறேன் என்று கேட்டாள். கோயில் கமிட்டித் தலைவர் நல்லகாமன், நிலபுலம் உள்ளவர், பேச்சில் முரட்டுத்தனம் இல்லாதவர். முகம் கோணாமல், இடமில்லையம்மா என்றார். சுவரில் இடம் இருந்தது. யார் பெயருக்கு இடமில்லை என்பது சொன்னவருக்கும் தெரியும், கேட்டவளுக்கும் தெரியும். அவள் சரிங்கண்ணே என்று திரும்பிவிட்டாள். ஆனால் சோணைச்சாமி யாரையும் இடமில்லை என்று சொன்னதில்லை. விளக்கு கரட்டுக்குப் போயிற்று.

மகனோடு ஒன்றாகப் படித்த பீமாராவ் வயரிங் வேலை செய்கிறவன். பஞ்சாயத்து மோட்டார் ரூமிலிருந்து கம்பம் ஊன்றி உச்சி வரைக்கும் வயர் இழுத்தான். குகை வாசலுக்கு மேல் டியூப்லைட் பட்டியை அடித்து, பொழுது சாய்ந்தால் தானாக எரிகிற மாதிரி ஒரு டைமரும் வைத்தான். எழுத்தை ஒட்டும்போது, “பெரியம்மா, ஓரமா ஒட்டுறேன். நடுவுல ஒட்டுனா வெளிச்சம் கொறஞ்சிரும்” என்றான்.

“நடுவுலயே ஒட்டுடா. வெளிச்சம் கொறஞ்சாக் கொறையட்டும்” என்றாள் அவள்.

விளக்கு எரிந்த நாலாவது சாயங்காலம் அவள் தனியாக ஏறி, அதற்குக் கீழே உட்கார்ந்து, மகனிடம் பேசுவது போல, நல்லா இருக்கியாடா என்று கேட்டாள். தலைக்கு மேலே பட்டியின் மறைவிலிருந்து ஒரு பல்லி சொன்னது. அவள் கை தானாகத் தரையில் மூன்று தட்டுத் தட்டியது. கேட்ட கேள்விக்குப் பல்லி சொன்னால் ஆமென்று அர்த்தம். இது அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செல்லக்கிளி அன்று ஒரு வருடத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு எந்த வேலை இருந்தாலும் விளக்கு எரியும் நேரத்துக்கு ஏறிவிடுவாள். இன்றைக்கு என்ன குழம்பு, யார் வீட்டில் விசேஷம், முட்டிவலி எப்படி இருக்கிறது, எல்லாம் சொல்லுவாள். இடையிடையே ஒரு கேள்வி கேட்பாள். பல்லி சொல்லும். முதலில் ஒன்று இருந்தது, பிறகு மூன்று, பிறகு பத்துப் பதினைந்து. மகன் பெயரைச் சுற்றி அவை ஓடித் திரிவதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஊருக்குள் வீட்டுச் சுவர்களில் கிடந்த சாதாரணப் பல்லிகள்தாம் அவை. அதுவரை கரட்டு உச்சியில் அவற்றுக்கு வேலை இருந்ததில்லை. இப்போது விளக்குக்குப் பூச்சி வந்தது, பூச்சிக்கு அவை வந்தன.

இதற்கிடையில் கரட்டை ஏலம் விடப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. அரசுக் கணக்கில் அது தரிசு, பாறை. கல்குவாரி வந்தால் கரடு பத்து வருடத்தில் தரையாகிவிடும். நல்லகாமனின் மாந்தோப்பு கரட்டை ஒட்டி இருந்தது. அவர்தான் முதலில் பதறினார். திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொண்டு போனார்கள். கோயில் இருக்கிறது என்றால் வேறு இடத்தில் கட்டித் தருகிறோம் என்றார்கள் அதிகாரிகள், கிணறு வற்றும் என்றால் அதற்கு ஆய்வறிக்கை இருக்கிறது என்றார்கள். கடைசியில் நின்றது ஒரே ஒரு வாதம், பவதாரிணியுடையது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஓர் உயிர் அங்கே இருக்கிறது. சரி, ஒரு நிபுணர் குழு வந்து பார்க்கும், உயிரோடு காட்டுங்கள் என்று பதில் வந்தது. சுண்டுவிரல் நீளம் வராத பல்லியை நம்பி ஓர் ஊரே உட்கார்ந்திருந்தது.

ஆனால் பல்லி குறைந்துகொண்டே போயிற்று. விளக்கு வைத்த அடுத்த தையில் நூற்று அறுபது. அதற்கடுத்த தையில் எண்பத்தேழு. அடுத்ததில் முப்பத்தொன்று. பவதாரிணிக்கு ஒன்றும் புரியவில்லை. சுனைத் தண்ணீரைச் சீசாவில் பிடித்துக்கொண்டு போய்ச் சோதித்தாள். வெயிலை அளந்தாள். குரங்கு, பாம்பு என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டாள். அவள் வருவதெல்லாம் பகலில்; விளக்கு எரிந்து அவள் பார்த்ததே இல்லை. வீட்டுப் பல்லிகள் பகலில் இடுக்குக்குள் போய்விடும்.

போன ஆடியில் ஒருநாள் சாயங்காலம், விளக்கு எரிந்த சற்று நேரத்தில், பட்டிக்குப் பக்கத்துப் பாறையிலிருந்து ஒரு பெரிய வீட்டுப் பல்லி ஓடி வந்தது. வாயில் எதையோ கவ்வியிருந்தது. பூச்சியென்று நினைத்துச் செல்லக்கிளி கிட்டே போய்ப் பார்த்தாள். வாய்க்கு வெளியே ஒரு மஞ்சள் தொண்டையும், இன்னும் துடித்துக்கொண்டிருந்த இரண்டு முன்கால்களும் தெரிந்தன. அருண்பாண்டி என்ற எழுத்தின்மேல் நின்று, அது நிதானமாக விழுங்கியது. விழுங்கி முடித்ததும் சொன்னது.

அவள் கை தரையைத் தட்டப் போய்ப் பாதியில் நின்றது. பொழுது சாய்ந்தால் பொடிப்பல்லி பாறையில் ஒட்டித் தூங்கும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? தூங்குகிறதைப் பிடித்துத் தின்ன எத்தனை நேரம் ஆகும்? மூன்று வருடத்துக் கணக்கு முழுவதும் ஒரு நொடியில் அவளுக்கு விளங்கிவிட்டது.

விளங்கியும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. இதை மூடி மறைத்துச் சொல்வதில் பயனில்லை. அவள் தெரிந்தே சொல்லாமல் இருந்தாள். ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. சொன்னால் விளக்கை இறக்க வேண்டும். சாமிக்கு உபயம் என்று கொடுத்ததைக் கொடுத்தவளே இறக்குவது, செத்தவன் வாயில் போட்ட அரிசியைத் திரும்ப எடுப்பது மாதிரி. அதைவிட, விளக்கு போனால் பல்லிகள் போய்விடும். கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது. வாசலில் கேட்ட அந்தக் குரல் இரண்டாவது தடவையும் போய்விடும். பத்து நாளைக்கொரு தடவை அவளுக்கு மனசாட்சி உறுத்தும். ஒருநாள் தாங்க முடியாமல் மகனிடமே, எரிய விடட்டுமாடா என்று கேட்டாள். பல்லி சொன்னது. அணைக்கட்டுமா என்று கேட்கவும் அவளுக்குத் தோன்றியது. அதற்கும் பல்லி ஆமென்று சொல்லிவிடுமோ என்று பயந்து, கேட்காமலே இறங்கிவிட்டாள்.

அந்த ஆடிக் கணக்கில் ஒன்பது கிடைத்தது. பவதாரிணி, தினமும் ஏறுகிறவள் நீங்கள்தான், உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா அக்கா என்று கேட்டாள். வெயில் அதிகம் என்று செல்லக்கிளி சொன்னாள். சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு ஒன்றே ஒன்றைக் கண்டாள், முப்பத்தெட்டாம் பாறையில். அதன்பின் அதுவும் இல்லை.

குழு வரும் தேதி தை இருபதுக்கு மேல் என்று முடிவானது. மார்கழியில் ஒருநாள் காலையில் பவதாரிணி மேலே போய் அறுபது பாறையும் பார்த்துவிட்டு, சுனைக்கரையில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். ஏழு வருட உழைப்பு. செல்லக்கிளி சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

“பாப்பா, அந்த லைட்டுதேன்” என்றாள்.

“எந்த லைட்டுக்கா?”

“எம்மகன் லைட்டு. அதுக்குப் பூச்சி வருது, பூச்சிக்கு வீட்டுப் பல்லி ஏறி வந்துருச்சு. அது இதைப் பிடிச்சுத் திங்குது. நா கண்ணால பாத்தேன்.”

பவதாரிணி குகைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ தடவை அவள் நிழலுக்கு ஒதுங்கிய இடம் அது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எப்பப் பாத்தீங்க?” என்று கேட்டாள்.

“ஆடில.”

பவதாரிணி திட்டவில்லை. திட்டியிருந்தால் செல்லக்கிளிக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்று மட்டும், மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“அவன் பேச்சு நின்டுருமேன்னுதேன் பாப்பா” என்றாள் செல்லக்கிளி.

அன்று மத்தியானமே விளக்கை இறக்கினார்கள். பீமாராவ் ஏணி கொண்டு வந்தான். ஆனால் அவள் அவனை ஏற விடவில்லை. தானே ஏறி, தானே கழற்றினாள். பட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த பல்லிகள் நாலாபக்கமும் சிதறி ஓடின. அவற்றில் ஒன்றைக்கூட அடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. பவதாரிணி வேறு இருவரை அழைத்து வந்து இடுக்கு இடுக்காக அவற்றைப் பிடித்து டப்பாவில் போட்டு ஊருக்குள் கொண்டு போய் விட்டாள். டியூப்லைட்டைச் செல்லக்கிளி முந்தானையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்து, மகனின் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

விஷயம் ஊரில் பரவாமல் இருக்குமா? நல்லகாமன் அவள் வீட்டு வாசலுக்கே வந்தார். அவர் அந்தத் தெருவுக்குள் நடந்து வந்து யாரும் பார்த்ததில்லை. தோப்பு போகிற கவலையில் மனிதர் பாதியாக இளைத்திருந்தார். வந்தவர், ஏம்மா, விளக்கு வைக்க உனக்கு உலகத்தில் வேறு இடமா கிடைக்கவில்லை என்று கேட்டார். உண்மையிலேயே அவருக்கு ஞாபகமில்லை. அதுதான் கொடுமை.

“கீழ எடமில்லன்னு நீங்கதேண்ணே சொன்னீக” என்றாள் அவள்.

அவர் தெருவில் ஓடிய கோழியைப் பார்த்தார். பிறகு குரலை இறக்கி, குழு வருகிற அன்று ஒரு வீட்டுப் பல்லிக் குஞ்சைக் காட்டி இதுதான் என்று சொல்லிவிட முடியாதா என்றார். கண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று அவள் சொன்னாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

குழு வந்தது. நான்கு பேர், அவர்களில் வயதான ஒருவர் பல்லிகளைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர், நல்ல மனிதரும்கூட. அவசரப்படவில்லை. காலை ஏழரையிலிருந்து வெயில் ஏறும் வரை ஒவ்வொரு இடுக்கிலும் டார்ச் அடித்து, மண்டியிட்டுப் பார்த்தார். செல்லக்கிளி அவருக்கு முன்னால் ஓடி ஓடிப் பார்த்தாள். விளக்கை இறக்கி முப்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. முப்பத்தெட்டாம் பாறையின் அடியில், கல்லில் ஒட்டியபடி இரண்டு முட்டை ஓடுகள் இருந்தன, உளுந்தளவு, உடைந்து காலியாக. அவர் அவற்றை வெகுநேரம் பார்த்தார். கடைசியாக உயிரோடு எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். போன வாரம் என்று ஒரு பொய் சொல்லச் செல்லக்கிளியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஐந்து மாதம் வாயை மூடிப் பொய் சொல்லியாகிவிட்டது, இனி முடியாது என்று தோன்றியது. ஐப்பசியில் ஒன்று என்றாள். அவர் அதை எழுதிக்கொண்டார். இறங்கும்போது பவதாரிணியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மாசியில் அறிக்கை வந்தது. அப்படியோர் உயிர் இப்போது அங்கே காணப்படவில்லை என்று இரண்டு வரி. ஏலம் முடிந்தது. அடிவாரத்தில் தகரக்கொட்டகை போட்டார்கள், வடக்குப் பக்கம் பாதை வெட்டினார்கள், மெஷின் ஏறியது. சோணைச்சாமியைப் பங்குனியில் நாள் பார்த்துக் கீழே இறக்குவது என்று ஊர் கூடிப் பேசினார்கள். நல்லகாமன் தாமாகவே, சாமியை ஊர்க்கோயில் வளாகத்திலேயே வைக்கலாம், செல்லக்கிளி மகன் விளக்கும் அங்கேயே இருக்கட்டும் என்றார். இடம் இப்போது வந்துவிட்டது. செல்லக்கிளி எழுந்து போய்விட்டாள்.

சாமியை இறக்குவதற்கு முதல் நாள் காலையில், குகையைக் கடைசித் தடவையாகக் கூட்டிவிட்டு வரலாம் என்று விளக்குமாற்றோடு ஏறினாள். வடக்கே பாறையில் துளை போடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. குகை வாசலில் பட்டி அடித்திருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகளும், புகை படிந்தது போல ஒரு கறுப்புப் பட்டையும் மிஞ்சியிருந்தன. அந்தப் பட்டையின் மேல், வெயிலும் நிழலும் சேருமிடத்தில், ஒரு பொடிப்பல்லி நின்றது.

ஆண். மஞ்சள் தொண்டை. வட்டக் கண். தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. ஒன்றரை அடி தள்ளி இன்னொன்று, கீழே ஈரத்தில் மூன்றாவது ஒன்று, நகத்தளவுக் குஞ்சு.

விளக்குமாறு கையிலிருந்து நழுவிவிட்டது. அவள் விரல் விட்டு எண்ணினாள். விளக்கை இறக்கி எண்பத்திரண்டு நாள். எண்பத்திரண்டே நாள். ஆடியில் இறக்கியிருந்தால் ஐப்பசிக்கெல்லாம் திரும்பியிருக்கும். தையில் அந்தப் பெரியவர் மண்டியிட்டுப் பார்த்தபோது பாறைக்குப் பாறை இருந்திருக்கும். கரடு நின்றிருக்கும். இதில் வேறு யாரையும் குற்றம் சொல்ல அவளுக்கு வழியில்லை.

பவதாரிணிக்குப் போன் செய்தாள். அந்தப் பெண், “போட்டோ எடுங்கக்கா, அனுப்பிப் பாப்போம்” என்றாள். செல்லக்கிளி நாலைந்து எடுத்தாள். எல்லாவற்றிலும் கல் மட்டும் தெரிந்தது. ஒன்றில் ஒரு மஞ்சள் புள்ளி. அதையும் அனுப்பத்தான் செய்தார்கள். அறிக்கை ஏற்கப்பட்டுவிட்டது என்ற பதில் வருவதற்குள் சுனை இருந்த இடம் பள்ளமாகியிருந்தது.

ஆனால் அது பிறகு. அன்று காலையில் அவள் அந்த ஆணித் துளைகளுக்குக் கீழே, மூன்று வருடம் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். கீழே மெஷின் நின்றது. வெடி வைக்கப் போகிறார்கள், எல்லோரும் விலகுங்கள் என்று விசில் ஊதினார்கள். ஒருவன் கொட்டகைப் பக்கமிருந்து அவளைப் பார்த்துக் கையை ஆட்டி இறங்கச் சொன்னான். அவள் அண்ணாந்து அந்தச் சின்னப் பல்லியைப் பார்த்தாள். பொழுதுக்கும் வழி பார்த்து, உலையை வைக்காமல் காத்திருந்து, நேரங்கழித்து வாசலில் வந்து நிற்கிற பிள்ளையிடம் கேட்கிற குரல்தான் அவளுக்கு வந்தது.

“இம்புட்டு நாளு எங்கடா இருந்த?”

பொடிப்பல்லிக்குக் குரல் கிடையாது. அது கண்ணைச் சிமிட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. இரண்டாவது விசில் கேட்டதும் அவள் தரையில் கையூன்றி எழுந்து, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.